எந்தப் பொறியியல் நம் பிள்ளைக்கு?

அறநிதியின் கல்வி உதவி நேர்முகத்தில் ஆண்டுதோறும் அமரும் வாய்ப்பு எனக்குக் கிட்டுகிறது. "ஐயா, எந்த எஞ்சினியரிங் எடுத்தால் உடனே வேலை கிடைக்கும்?" என்பதே பெற்றோர் பலரின் கேள்வி. நான்கு ஆண்டுகள் கழித்து எத்தொழில் ஓங்கும் என்பதை யாரறிவார்? ஆனால் பிள்ளை எந்த வேலையைச் சலிப்பின்றிச் செய்யும் என்பதை இன்றே அறியலாம்.

அதற்கு ஜோகூரைச் சுற்றிக் காட்டினாலே போதும். 1924இல் திறக்கப்பட்ட ஜோகூர் காஸ்வேயைப் பாருங்கள்; மண், நீர், பாரம் ஆகியவற்றைக் கணக்கிட்டு வெயிலில் நிற்பது கட்டுமானப் பொறியியல். செடனாக் பகுதியின் கணினித் தரவு மையங்களுக்குத் தடையின்றி மின்சாரம் தருவது மின்னியல். அவற்றின் வெப்பத்தைத் தணிப்பது இயந்திரவியல். பாசிர் கூடாங், பெங்கெராங் ஆலைகள் இரசாயனப் பொறியியலின் களம். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. கழிவைப் பாதுகாப்பாக அகற்றுவதும் இத்துறையினரின் கடமையே.

துறையைத் தேர்ந்தபின் பட்டத்தின் பெயரைக் கூர்ந்து படிக்க வேண்டும். ஒரு தந்தை மகளின் சேர்க்கைக் கடிதத்தைப் பூரிப்போடு நீட்டினார். அதில் 'பொறியியல் தொழில்நுட்பம்' என்றிருந்தது. அது வேறு பாதை. அதை முடித்தவர் தொழில்நுட்பராகப் பதிவு பெறுவார். பொறியியலாளராகப் பதிவு பெற, பொறியியல் அங்கீகார மன்றம் ஏற்ற பட்டம் வேண்டும். அதன்பின் குறைந்தது 3 ஆண்டு அனுபவமும் தேர்வும் முடித்தால் 'ஐஆர்' பட்டம் பெறலாம். மலேசியா 2009 முதல் வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினராதலால், அங்கீகாரம் பெற்ற நம் பொறியியல் பட்டத்துக்குச் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போன்ற உறுப்பு நாடுகளிலும் மதிப்புண்டு.

இதை விளக்கியதும் தந்தையின் முகம் வாடியது. மகளோ ஒரு வாரம் யோசித்து, "எனக்குப் பட்டறை வேலைதான் பிடிக்கும், ஐயா" என்று அதே பாதையைத் தேர்ந்தாள். இரண்டும் நல்ல பாதைகளே. அறியாமல் நுழைவதே தவறு.

எனவே, ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாயினும், பாரிட் ராஜாவிலுள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமாயினும், தனியார் கல்லூரியாயினும், கட்டணம் செலுத்துமுன் குறிப்பிட்ட அந்தப் பட்டமும் சேரும் ஆண்டும் மன்றத்தின் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள். முதலாண்டில் எத்துறைக்கும் கணிதமே அடித்தளம். அதில் தளர்ந்த பிள்ளைக்கு முன்கூட்டியே துணை தேடுங்கள்.

நன்கொடையாளர் பெருமக்களே! நீங்கள் வழங்கும் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டு உழைப்போடு சேர்கிறது. அவ்வுழைப்பு உரிய இடம் சேர, இயன்றவர்கள் உங்கள் தொழில் அனுபவத்தையும் நேரில் வந்து பகிர்ந்து உதவுங்கள். எல்லாம் வல்ல இறைவன் அருள் அனைவருக்கும் கிட்டுவதாக.