பூத்த மரமும் பூவாப் பாசியும்

ஆஹென் நகருக்குத் தெற்கே, பெல்ஜிய எல்லையைத் தாண்டியதும் ‘ஹோஹெஸ் ஃபென்’ எனும் மேட்டுச் சதுப்பு நிலம் விரிகின்றது. பலகைப் பாதையில் நடப்போர் வெண்ணிறப் பஞ்சுப்புல்லைப் படம் பிடிப்பார்களேயன்றிக் கீழே கிடக்கும் பாசியை நோக்குவதில்லை. அந்நிலத்தை ஆக்கியதே அப்பாசிதான்.

அதற்குப் பூவில்லை, விதையில்லை, வேருமில்லை. எனினும் தன் உலர்ந்த நிறையைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு நீரை ஏந்தி நிற்கும். நுனி வளர வளர அடிப்பகுதி மாண்டு, உக்காமற் படிகின்றது. ஆண்டொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவே உயரும். ஒரு மீற்றர் ஆழம் என்பது ஆயிரம் ஆண்டுக் கணக்கு. முதலாம் உலகப் போரில் படைவீரரின் காயங்களுக்குக் கட்டுத்துணியாகவும் இப்பாசி உதவிற்று.

19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய ஆட்சியினர் இங்கே வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, ஊசியிலை மரங்களை நட்டனர். 1957இல் பெல்ஜியப் பகுதி இயற்கை ஒதுக்ககமாயிற்று. ஆயினும் காய்ந்த சதுப்பு தீக்கு இரையாகும். 2011 ஏப்ரலில் ஏறத்தாழ 1000 ஹெக்ரெயர் எரிந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ‘குரூடியா செயிலானிக்கா’ என்னும் மரம் இலங்கைக்கே உரியது. 2012ஆம் ஆண்டுச் செம்பட்டியல் அதனை அழிந்துபோனதென்று எழுதிற்று. 2019இல் கம்பஹாவில் ஒரு மரம் உயிரோடு நின்றது! 2021இல் அதிவேக நெடுஞ்சாலைக்காக அதனை வெட்ட முற்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுதின.

எழுதியது நன்றே. ஆனால் பாசிக்காக அவ்வாறு யார் எழுவார்? மரத்தைக் காக்கக் கோடரியை நிறுத்தினாற் போதும். பாசிக்கோ அது போதாது; பழைய வாய்க்கால்களை அடைத்து, வடிந்த நீரை மீட்டுக் கொடுத்தல் வேண்டும். 2007 முதல் ஃபென்னில் அப்பணி பெருமளவில் நடைபெற்றது. ஜேர்மனியிலோ சதுப்பு நிலங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை முன்னரே வடிக்கப்பட்டுவிட்டன.

இதில் நமக்கும் பங்குண்டு. பல்கனியில் மிளகாயும் கறிவேப்பிலையும் வைக்க நாம் வாங்கும் பூச்சாடி மண் பலவற்றிற் கலந்திருப்பது, வெட்டியெடுத்த இப்பாசிப் படிவே. ஜேர்மன் மொழியில் அதன் பெயர் ‘ரோர்ஃப்’. பொதியில் ‘ரோர்ஃப்ஃபிறை’ என்றிருந்தால் அது கலவாத மண். விலை சற்றுக் கூடலாம். நீரும் அடிக்கடி ஊற்ற நேரும். என் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று அம்மண்ணிற்றான் நிற்கின்றது.