நாள் குறித்த பணம்: மன்னார்க் கரையில் நேரடிக் கொடுப்பனவு

பொருளாகவோ கடனாகவோ அன்றி, திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத பணமாகவே ஒரு குடும்பத்துக்கு உதவி வழங்கி, அதை எதற்குச் செலவிடுவது என்ற முடிவையும் அந்தக் குடும்பத்திடமே விட்டுவிடுவதை நேரடிப் பணக்கொடுப்பனவு என்பர். இலங்கையில் 1989 இல் தொடங்கிய ஜனசவிய, 1995 இல் தொடங்கிய சமுர்த்தி ஆகியவற்றின் வழியில் வந்த அஸ்வெசும திட்டம், 2023 ஜூலை முதல் நலன்புரி நன்மைகள் சபையின் பொறுப்பில் நடைபெறுகிறது. முத்திரையும் கட்டாயச் சேமிப்புக் கழிவும் கொண்டிருந்த சமுர்த்தியைப் போலன்றி, இத்திட்டத்தில் பணம் நேரே பயனாளியின் வங்கிக் கணக்கில் வைப்பிலிடப்படுகிறது. தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாவும், வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாவும், பாதிக்கப்படக்கூடிய குடும்பத்துக்கு 5,000 ரூபாவும், நெருக்கடியால் தற்காலிகமாகத் தளர்ந்துபோன குடும்பத்துக்கு 2,500 ரூபாவும் என வகுக்கப்பட்டது. முதலிரு வகைகளின் தொகைகள் 2025 ஜனவரியில் முறையே 17,500, 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டன.

இத்தொகைகள் சிறியவை. ஆயினும் மன்னார்த் தீவிலும் அதை அடுத்த கரையோரத்திலும் வருமானம் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதைப் பார்த்தால்தான் அவற்றின் உண்மையான மதிப்பு விளங்கும். பேசாலை, தலைமன்னார், பள்ளிமுனை, தாழ்வுபாடு, வங்காலை, சிலாவத்துறை ஆகிய ஊர்களில் தொழிலுக்குப் போவது என்றாலே கடலுக்குப் போவதுதான். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தென்புறக் கடல் கொந்தளிப்பதும், வாடைக் காலத்தில் வடகடல் கலங்குவதும், பாக்கு நீரிணையில் இந்திய இழுவைப் படகுகள் வரும் இரவுகளில் வலையை இறக்க அஞ்சிக் கரையிலேயே தங்கிவிடுவதும் அவர்களின் ஆண்டைத் துண்டு துண்டாக்குகின்றன. பெருநிலப்பரப்பில் கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிய நானாட்டான், மாந்தைப் பக்கத்துக் கூலி வேலையும் விதைப்பு, அறுவடைக் காலங்களோடு முடிந்துவிடுகிறது. வருமானம் வரும் நாள் தெரியாத குடும்பத்தில் செலவுகளுக்கு மட்டும் நாள் தவறுவதில்லை.

இந்த இடைவெளியைக் காலங்காலமாக நிரப்பிவந்தது கடன். வலை, இயந்திரம், எரிபொருள் ஆகியவற்றுக்கு முன்பணம் கொடுப்பவரைக் கரையோர மக்கள் சம்மாட்டி என்பர். அவரிடம் பணம் பெற்றவர் பிடித்த மீனை அவருக்கே, பெரும்பாலும் சந்தை விலையிலும் குறைந்த விலைக்கு, விற்க வேண்டியிருக்கும். அவசரத்தில் கைகொடுப்பவரும் அவரே என்பதால் இந்த உறவை வெறும் சுரண்டல் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் விலை பேசும் உரிமை மீனவரிடமிருந்து நழுவிவிடுகிறது என்பதும் மறுக்க முடியாத உண்மை. வீட்டுக்குள் இதே இடைவெளியை நிரப்புபவை கடைக்காரரின் கடன் கொப்பி, அடகு வைத்த தோடு, உள்நாட்டுப் போருக்குப் பின் வடக்கில் பரவிய நுண்கடன் ஆகியவை. பெண்களைக் குழுவாகச் சேர்த்துப் பிணை நிற்கவைத்து, வாரந்தோறும் தவணை வாங்கும் நுண்கடனின் சுமை எவ்வளவு கடுமையாயிற்று என்றால், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்றிருந்த சிறு கடன்களை 2018 இல் அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

நாள் குறித்து வரும் பணம் முதலில் மாற்றுவது இந்தக் கடன் உறவுகளையே. மாதத்தில் ஒருநாள் கணக்கில் பணம் விழும் என்று கடைக்காரருக்கும் தெரிந்திருப்பதால், கடல் கலங்கிய வாரத்திலும் அரிசியும் பால்மாவும் கொப்பியில் எழுதிக் கொடுக்கப்படுகின்றன. தோட்டை அடகு வைப்பது தள்ளிப்போகிறது. கருவாடு போடும் பெண் அரைகுறையாய்க் காய்ந்ததை அன்றைய செலவுக்காக விற்றுவிடாமல், இன்னும் சில நாள் வெயிலில் வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்க முடிகிறது. தொகையின் அளவுக்கு நிகராக, அது தவறாமல் வரும் என்ற நம்பிக்கையும் வேலை செய்கிறது. எனவே ஒரு மாதம் தாமதித்து மறுமாதம் இருமடங்காகக் கொடுப்பது கணக்கில் சமமாக இருந்தாலும் அடுக்களையில் சமமாவதில்லை.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏற்றப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய ஒரு படகுக்கு ஒருமுறை கடலுக்குப் போய்வர 20 லீற்றர் தேவை என்று கொண்டால், 1,740 ரூபாவாக இருந்த செலவு 6,800 ரூபாவாயிற்று. பின்னர் வந்த 8,500 ரூபாக் கொடுப்பனவை இவ்விலையோடு ஒப்பிட்டால், அது ஒருநாள் எரிபொருளைச் சற்றே தாண்டுகிறது. பின்னாளில் விலை இறங்கியபோதும், மாதக் கொடுப்பனவு அடுப்பைக் காக்குமே தவிரத் தொழிலைத் தூக்கி நிறுத்தாது என்ற நிலை மாறவில்லை.

தொழிலையோ வீட்டையோ எழுப்ப ஒரே தடவையில் பெருந்தொகை வேண்டும். அந்த அனுபவமும் இக்கரைக்கு உண்டு. போர் முடிந்து மீள்குடியேறிய குடும்பங்களுக்கு ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகரகம் 25,000 ரூபா வீதம் வங்கி வழியாக வழங்கியது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2012 அக்டோபர் 2 இல் தொடங்கியது. அதில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, வேலை முன்னேற முன்னேறத் தவணைகளாகக் குடும்பத்தின் கணக்கிலேயே வைப்பிலிடப்பட்டது. ஒப்பந்தகாரர் கட்டித்தரும் வீட்டுக்குப் பதிலாக, மேசனைத் தேடுவதும் கல்லரிவதும் மணலுக்குப் பேரம் பேசுவதும் வீட்டுக்காரரின் கையில் வந்ததால், வீடு தங்கள் விருப்பப்படி அமைந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே காலத்தில் எழும்பியபோது மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் விலையேறின. மிச்சத்துக்குக் கடன்பட்ட குடும்பங்கள் வட மாகாணத்தில் பல.

ஆனால் பெருந்தொகை வழங்கும் இடமெல்லாம் விலை இப்படி ஏறுவதில்லை. கென்யாவின் சியாயாப் பகுதியில் 10,000 க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஏறத்தாழ 1,000 டொலர் வீதம் வழங்கி நடத்தப்பட்ட ஆய்வில், கொடுத்த ஒவ்வொரு டொலரும் அவ்வட்டாரப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய 2.5 டொலராகப் பெருகியது என்றும், விலைவாசி மிகச் சொற்பமாகவே உயர்ந்தது என்றும் கண்டறியப்பட்டது. அங்கு பணம் பலவகைச் செலவுகளாகப் பிரிந்தது. வடக்கிலோ எல்லாரும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் தேடினர். இரு அனுபவங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் இது முக்கியமானது. கையில் காசு வந்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்ற பழைய குற்றச்சாட்டுக்கோ, பல நாடுகளின் ஆய்வுகளை ஒருங்கே நோக்கியவர்கள் ஆதாரம் காணவில்லை.

எனினும் யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, உடைமைகள், வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு, அதாவது வறுமையை மறைமுகமாக அளக்கும் அடையாளங்களைக் கொண்டு, அஸ்வெசுமப் பயனாளிகள் தெரிவாகின்றனர். முதற் பட்டியல் வெளியானபோது நாடெங்கிலுமிருந்து இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்ததில் வியப்பில்லை. கல்வீடு வசதியின் அடையாளமாகக் கொள்ளப்படும் அளவீட்டில், அந்தக் கல்வீட்டைக் கட்டியதாலேயே கடனாளியான மன்னார்க் குடும்பம் வசதியுள்ளதாகத் தோன்றக்கூடும்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்து, 2009 க்குப் பின் முசலிக்கும் எருக்கலம்பிட்டிக்கும் திரும்பத் தொடங்கிய முஸ்லிம் குடும்பங்களின் நிலை இன்னும் சிக்கலானது. பிள்ளைகளின் படிப்பு அங்கும் காணி இங்குமாக இரு ஊர்களில் வாழும் குடும்பத்தை எந்தக் கிராம அலுவலர் பிரிவில் கணக்கெடுப்பது என்பது வெறும் பதிவு அலுவலாகத் தோன்றினாலும், இரண்டு பட்டியல்களிலும் பெயர் இல்லாமற்போகும் இடமும் அதுவே. அங்கே கொடுப்பனவின் தொகையை எவ்வளவு உயர்த்தினாலும் அக்குடும்பத்துக்கு எதுவும் போய்ச் சேரப்போவதில்லை.