"காட்டோரம் ஒரே ஒரு செடிதானே ப்ரோ?" - அந்த ஒரு செடிக்குச் சட்டம் போடும் கணக்கு என்ன?

கே.ஜி.கண்டிகை மாதிரி ஒரு ஊர். திருத்தணி தாலுகா. நெல், வேர்க்கடலை, கரும்பு, நடுநடுவே மாந்தோப்பு. அதைத் தாண்டினா முள்ளுக்காடும் கரடும். பைக்கை எடுத்தா கொஞ்ச நேரத்துல ஆந்திர எல்லை. சாயங்காலம் ஏரிக்கரையில் நாலு பேர் உட்கார்ந்து போனைப் பார்த்துட்டு இருக்கீங்கன்னு வைங்க. ஒரு ரீல் வருது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், தன் வீட்டுத் தோட்டத்துல வளர்ந்து நிற்கிற கஞ்சா செடியைத் தடவிக் கொடுத்துக்கிட்டே சிரிக்கிறார். உடனே கும்பல்ல ஒருத்தர் சொல்வார்: "நம்ம பக்கம் இவ்ளோ காடு கிடக்கு. ஓரமா ஒண்ணு வச்சா யாருக்குடா தெரியும்?"

பாதி விளையாட்டு, பாதி நிஜமான கேள்வி. "விற்கப் போறோமா என்ன? ஒரே ஒரு செடிதானே?" என்பதுதான் இதுல இருக்கிற நம்பிக்கை. இந்தக் கட்டுரை அந்த "ஒரே ஒரு" என்கிற வார்த்தையைப் பற்றித்தான்.

வளர்ப்புக்கு 'கொஞ்சம்' கிடையாது

இந்தியாவில் கஞ்சாவைக் கட்டுப்படுத்துவது 1985-ல் வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம். சுருக்கமா என்.டி.பி.எஸ். இந்தச் சட்டத்தில் எடைக் கணக்கு உண்டுன்னு பலருக்குத் தெரியும். கையில் இருக்கிற கஞ்சா 1 கிலோவுக்குக் கீழேன்னா 'சிறிய அளவு'. அதற்கு 1 வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 1 கிலோவிலிருந்து 20 கிலோ வரை என்றால் 10 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு'. குறைந்தபட்சமே 10 வருடம், அதிகபட்சம் 20.

"அப்போ ஒரு செடின்னா சிறிய அளவுதானே?" இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழறாங்க.

இந்த எடைக் கணக்கு எல்லாம் வச்சிருந்தது, வாங்கினது, வித்தது, கடத்தினது ஆகியவற்றுக்கு. செடி வளர்ப்பதற்கு அதே 20-வது பிரிவில் தனியாக ஓர் உட்பிரிவு இருக்கு. அதில் எண்ணிக்கையும் இல்லை, எடையும் இல்லை. 'கஞ்சா செடி எதையும் பயிரிட்டால்' என்றுதான் இருக்கு. தண்டனை: 10 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். 1 செடியா, 1,000 செடியா என்பதைப் பார்த்து நீதிபதி தண்டனையைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் வழக்குப் பதிவாகும்போது இரண்டுக்கும் ஒரே பிரிவுதான்.

யோசிச்சுப் பாருங்க. பாக்கெட்டில் ஒரு பொட்டலத்தோடு மாட்டினால் அதிகபட்சம் 1 வருடம். அந்தப் பொட்டலத்துக்குப் பதிலா 'செலவே இல்லாம' ஒரு செடி வைக்கலாம்னு நினைச்சா, அதிகபட்சம் 10 வருடம். பாதுகாப்பான வழின்னு நினைச்சது பத்து மடங்கு பெரிய வழக்கு. கைது செய்ய வாரன்ட்டும் தேவையில்லை.

"பூ வரலைன்னா கஞ்சாவே இல்லையாமே?"

இதுவும் இன்ஸ்டாவில் சுத்துற பாயின்ட். பாதி உண்மை. சட்டப்படி கஞ்சா என்றால் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிப் பகுதி. நுனி இல்லாத வெறும் இலையும் விதையும் அந்த விளக்கத்தில் வராது. வட இந்தியாவில் இலையில் செய்கிற பாங் தனி வழியில் போவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் 'கஞ்சா செடி' என்பதற்குச் சட்டம் தனியாக விளக்கம் தருது. அந்தப் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் கஞ்சா செடிதான். பூத்திருக்கணும்னு நிபந்தனை இல்லை. முளைச்சு ஒரு சாண் உயரம் நின்னாலும், பயிரிட்டது நீங்கன்னு நிரூபணமானால் போதும்.

ஒதுக்குப்புறம்னு ஒண்ணு இருக்கா?

ஊர்ல வளர்ந்தவங்களுக்கு இது தெரியும். யாரும் போகாத இடம்னு நாம நினைக்கிற இடத்துக்கு ஆடு மேய்க்கிறவர் தினமும் போவார். விறகு பொறுக்கப் போவாங்க. தேன் எடுக்கப் போவாங்க. காப்புக்காடுன்னா வனத்துறை ரோந்து உண்டு. பட்டா நிலம்னா அடங்கலில் என்ன பயிர்னு எழுத வி.ஏ.ஓ. வருவார்.

இவங்கள்ல சிலருக்குச் சட்டமே ஒரு கடமையைக் கொடுத்திருக்கு. 47-வது பிரிவுப்படி, அரசு ஊழியர்களும் கிராம அலுவலர்களும் சட்டவிரோதமான கஞ்சா செடி இருப்பது தெரிஞ்ச உடனே தகவல் கொடுத்தாகணும். 46-வது பிரிவுப்படி நில உரிமையாளருக்கும் அதே கடமை. தெரிஞ்சும் சும்மா இருந்தால் அதுவும் குற்றம்.

காப்புக்காட்டுக்குள்ளே போய் வச்சா? தமிழ்நாடு வனச்சட்டம் 1882-ம் சேர்ந்து வரும். அனுமதியில்லாமல் உள்ளே போவது, இடத்தைச் சுத்தம் செய்வது, பயிரிடுவது எல்லாமே அதில் தனிக் குற்றம். ஒரு செடிக்கு இரண்டு சட்டம்.

மாட்டுறது நீங்க மட்டும் இல்லை

நம்ம ஊர்ல இருபது வயசுப் பையன் பேரில் நிலம் இருப்பது அபூர்வம். பட்டா அப்பா பேரில் இருக்கும். இல்லைன்னா தாத்தா பேரில். மாந்தோப்பு மாமாவுடையதா இருக்கும். பம்புசெட் கொட்டகைக்குப் பின்னாடி ஒரு செடின்னா, போலீஸ் முதல்ல தட்டப்போற கதவு எது?

25-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, தன் நிலத்தையோ வீட்டையோ இந்தக் குற்றத்துக்குத் தெரிஞ்சே பயன்படுத்த விட்டவருக்கும் அதே தண்டனை. 'தெரிஞ்சே' என்கிற வார்த்தை முக்கியம். தெரியாமல் இருந்தவர் குற்றவாளி இல்லை. ஆனால் 'எனக்குத் தெரியாது சார்' என்பதை உங்க அப்பா ஸ்டேஷனில் சொல்லணும், அப்புறம் கோர்ட்டில் சொல்லணும், அதுவரைக்கும் ஊருக்கும் சொல்லிக்கிட்டே இருக்கணும்.

இன்னொரு விஷயம். பொதுவாக ஒரு குற்ற வழக்கில் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டியது போலீஸ். இந்தச் சட்டம் கொஞ்சம் வேற மாதிரி. 35, 54-வது பிரிவுகளின்படி, செடி நீங்க பயிர் செய்கிற நிலத்தில் இருந்ததுன்னு காட்டிவிட்டால், அதுக்கான விளக்கத்தை நீங்கதான் கொடுக்கணும்.

தானா முளைச்சா?

இதுக்கு நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கு. உத்தரப் பிரதேசத்தில் ஒருவருடைய இடத்தில் 10 கஞ்சா செடிகள் இருந்ததுன்னு வழக்கு. கீழ் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2004-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. செடிகள் தானா முளைச்சிருக்க வாய்ப்பு இருக்கு, அவர்தான் பயிரிட்டு வளர்த்தார்னு நிரூபிக்கப்படலை என்பதுதான் காரணம். செடி இருந்ததுன்னு மட்டும் சொன்னால் போதாது, வளர்த்ததையும் காட்டணும்.

'அப்போ தானா முளைச்சதுன்னு சொல்லிடலாம்'னு யாராவது கணக்குப் போட்டால், அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனதை ஞாபகம் வச்சுக்கங்க. விடுதலை கிடைச்சது. அதுக்கு நடுவுல போன வருடங்கள் திரும்பி வராது.

ரீல்ஸில் சிரிக்கிறவர் எந்த நாடு?

அந்த வெளிநாட்டுத் தோட்டக்காரர் பொய் சொல்லலை. கனடாவில் 2018 அக்டோபர் முதல், பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு 4 செடி வளர்க்கலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் 18 வயது தாண்டியவர் 3 செடி வளர்க்கலாம். தாய்லாந்து 2022-ல் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025-ல் மறுபடி இறுக்கி, மருத்துவர் சீட்டு இருந்தால்தான் பூ வாங்க முடியும்னு மாத்தியது. அதே உலகத்தில் சிங்கப்பூரும் இருக்கு. 2023 ஏப்ரலில் சுமார் 1 கிலோ கஞ்சா கடத்த உடந்தையாக இருந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு தமிழர் அங்கே தூக்கிலிடப்பட்டார். அல்காரிதம் முதல் மூணு நாட்டைக் காட்டும், நாலாவதைக் காட்டாது.

இந்தியாவிலேயே உத்தரகாண்ட் மாநிலம் ஹெம்ப் வளர்க்க உரிமம் தருதேன்னு கேட்கலாம். உண்மைதான். நாருக்கும் விதைக்குமான பயிர் அது. போதை தரும் டி.ஹெச்.சி. மிகக் குறைவா, 0.3 சதவிகிதத்துக்குள் இருக்கணும். அரசு உரிமம், பரிசோதனை எல்லாம் உண்டு. முள்ளுக்காட்டுக்குள் வைக்கிற செடிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

பெரிய அளவில் வளர்த்த மலைகளுக்கு என்ன ஆச்சு?

ஒரு காலத்தில் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய மலைகளிலும், எல்லை தாண்டி இடுக்கியிலும் கஞ்சா பயிரானது. தொடர் வேட்டையில் அது ஓய்ந்தது. இப்போது தமிழ்நாட்டில் கஞ்சா சாகுபடியே இல்லை என்பது அரசின் நிலைப்பாடு. இங்கே வருவதில் பெரும்பங்கு ஆந்திரா-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து. ரயிலிலும் சாலையிலும் வருது. திருத்தணி பக்கம் இருப்பவர்களுக்குப் பொன்பாடி சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி பையைத் திறக்கச் சொல்வது புதுசில்லை.

அந்த மலைகளில் 2021 கடைசியில் ஆந்திர போலீஸ் 'ஆபரேஷன் பரிவர்த்தன்' தொடங்கியது. 7,500 ஏக்கருக்கும் மேற்பட்ட கஞ்சா பயிர் அழிக்கப்பட்டது. 2022 பிப்ரவரி 12-ல் அனகாபள்ளி அருகே சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சாவை மொத்தமாகக் கொளுத்தினார்கள். யாரும் எளிதில் போக முடியாத மலைக்கிராமங்கள் அவை. நம்ம ஏரிக்கரை முள்ளுக்காட்டைவிட ஆயிரம் மடங்கு ஒதுக்குப்புறம்.

அங்கே வளர்த்தவர்களில் பலர் பழங்குடி விவசாயிகள். லாபம் பார்த்த வியாபாரி வேற ஊரில் இருந்தார். பயிரை இழந்ததும் வழக்கைச் சுமந்ததும் மலையில் இருந்தவர்கள். பிறகு அவர்களுக்குக் காபி, மிளகு, ராகி மாதிரி மாற்றுப் பயிர்கள் கொடுக்கும் வேலை நடந்தது.

சரி, நான் என்ன செய்யணும்?

உங்க நிலத்தில் சந்தேகமான செடியைப் பார்த்தால்: பிடுங்கி எடுத்துக்கொண்டு போகாதீங்க. கையில் எடுத்த நிமிஷம் அது 'வச்சிருந்தது' கணக்கில் போகலாம். இருந்த இடத்திலேயே விட்டுட்டு வீட்டுப் பெரியவங்ககிட்ட சொல்லுங்க, காவல் நிலையத்துக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் உடனே தகவல் கொடுங்க. தானா முளைச்சதுன்னா, நீங்களே முதல்ல சொன்னதுதான் உங்களுக்குச் சாட்சி. தமிழ்நாடு காவல்துறையின் இலவச எண் 10581. மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் எண் 1933.

நண்பர் "உங்க கொல்லையில் ஒண்ணு வச்சுக்கட்டுமா?"ன்னு கேட்டால்: அவர் கேட்பது ஒரு சதுர அடி இடம் இல்லை, உங்க அப்பா பேரில் இருக்கிற பட்டா. அதை அப்படியே அவர்கிட்ட சொல்லுங்க.

உங்களுக்கோ நண்பருக்கோ ஏற்கெனவே பழக்கம் இருந்தால்: இதுக்கும் சட்டத்தில் ஒரு கதவு இருக்கு. பயன்படுத்திய வழக்கிலோ, சிறிய அளவு வழக்கிலோ மாட்டியவர் தானே முன்வந்து, அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் முழுச் சிகிச்சை எடுத்துக்கிட்டால், 64-ஏ பிரிவின்படி வழக்கிலிருந்து விலக்கு பெற முடியும். இந்தக் கதவு செடி வளர்த்தவருக்காக எழுதப்பட்டது இல்லை. 14446 தேசிய போதை மீட்பு உதவி எண். தமிழ்நாடு அரசு 2025-ல் 25 இடங்களில் 'கலங்கரை' என்ற பெயரில் மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கு.

இதைச் சொல்லக் காரணம் இருக்கு. எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 3.1 கோடிப் பேர் பாங், கஞ்சா, சரஸ் என ஏதோ ஒரு வடிவில் பயன்படுத்தியிருக்காங்க. அத்தனை பேரும் மோசமானவங்க இல்லை. ஆனால் மூளை வளர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் நடக்குது. டீன் ஏஜில் தொடங்குகிறவர்களுக்கு அடிமையாகும் வாய்ப்பும், மனச்சிதைவு மாதிரியான பாதிப்புகள் வரும் வாய்ப்பும் அதிகம். உதவி கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்த தடவை ஏரிக்கரையில் யாராவது "ஒரே ஒரு செடிதானே ப்ரோ"ன்னு ஆரம்பிச்சா, அட்வைஸ் எல்லாம் பண்ண வேண்டாம். ஒரு கேள்வி கேளுங்க போதும்: "நிலம் யார் பேர்ல இருக்கு?"