ஹீமோகுளோபின் ஏறினால் போதுமா?

2024 செப்டம்பர் 25. ஆக்ஸ்பிரைட்டா மாத்திரையை உலகச் சந்தை முழுவதிலிருந்தும் திரும்பப் பெறுவதாக ஃபைசர் அறிவித்தது. அரிவாள் செல் ரத்தசோகைக்கான மருந்து அது. உள்ளிருக்கும் வேதிப்பொருள் வாக்சலோடார். பக்கவாத ஆபத்து மிகுந்த 236 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், மருந்து சாப்பிட்டவர்களில் 8 பேர் இறந்திருந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 பேர். கால்புண் நோயாளிகளிடம் நடந்த இன்னொரு சோதனையிலும் 8 மரணங்கள். சிலருக்கு மலேரியாவும் இருந்தது. எல்லாப் பழியையும் மருந்தின்மேல் போட முடியாதுதான். ஆனால் சந்தேகம் வர இந்தக் கணக்கே போதும்.

இந்நோயில் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து இழைகளாகின்றன. சிவப்பணு அரிவாளாக வளைகிறது. ஆக்சிஜனை எளிதில் விடாதபடி செய்துவிட்டால் கோப்பது குறையும். வாக்சலோடாரின் வேலை இதுதான். சோதனைக் குழாயில் குறை சொல்ல முடியாத யோசனை. ஆனால் சரக்கை இறக்காத லாரியால் கடைக்கு என்ன லாபம்? மூளைக்குப் போதிய ஆக்சிஜன் சேருமா என்று ரத்தவியலாளர்கள் சிலர் ஆரம்பத்திலேயே கேட்டார்கள்.

2019 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வாக்சலோடாருக்கு விரைவு அனுமதி கொடுத்தது. அதற்கு அடிப்படையான சோதனையில், 24 வாரத்தில், 1500 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 51 சதவீதத்தினருக்கு ஹீமோகுளோபின் ஒரு கிராமுக்கு மேல் ஏறியிருந்தது. போலி மாத்திரைக்காரர்களில் 7 சதவீதம். உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வலி நெருக்கடிகள் குறையவில்லை. நோயாளி நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதோ அந்த வலியால்தான்.

இந்நோய்க்கான பழைய மருந்தான ஹைட்ராக்சியூரியா வேறு வழியில் போகிறது: கருவிலிருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபினை மறுபடி கூட்டுகிறது. 1995-ல் வெளியான ஆய்வில் வலி நெருக்கடிகளைப் பாதியளவுக்குக் குறைத்துக் காட்டியது. அதுவும் சாதுவான மருந்தல்ல. வெள்ளணுவையும் தட்டணுவையும் குறைத்துவிடலாம், கர்ப்பத்தில் ஆகாது, ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடரக் கூடாது.

இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடம். அங்கும் மத்திய இந்தியாவிலும் ஹைட்ராக்சியூரியாவை நம்பியிருப்பவர்கள், "புது மாத்திரை வந்திருக்காம்" என்ற பேச்சைக் கேட்டு அதை நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. புதிய மருந்தை எழுதித் தரும் டாக்டரிடம் கேளுங்கள்: வலி நெருக்கடி எவ்வளவு குறைந்தது, பக்கவாதம் குறைந்ததா, எத்தனை பேர் இறந்தார்கள்? ஹீமோகுளோபின் கணக்கு அதற்குப் பிறகு.