மணமக்கள் மனம்விட்டுப் பேசுக

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் திருமணப் பேச்சு பெரும்பாலும் இரண்டு ஊர்களுக்கிடையே நடைபெறுகின்றது. பிள்ளை தாராவியிலோ மாதுங்காவிலோ இருப்பான். பெண் திருநெல்வேலிப் பக்கம் இருப்பாள். இடையில் ஒரு நாளுக்கு மேற்பட்ட இரயில் பயணம். அத்தொலைவில் உண்மையில் பாதி வழியிலேயே இறங்கிவிடுகின்றது. ‘சொந்த வீடு’ என்று ஊரில் சொல்லப்பட்டது, பெற்றோரும் தம்பியும் உடன் உறங்கும் ஒற்றை அறையென்று மணப்பெண் வந்திறங்கிய பின்னரே அறிகின்றாள்.

ஒன்றிருக்க ஒன்று சொல்லி மணமுடிப்பதைச் சட்டமும் பொறுத்துக்கொள்வதில்லை. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, முக்கியமான செய்தியை மறைத்து வஞ்சகமாகப் பெற்ற சம்மதத்தால் நடந்த மணத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்கின்றது. வஞ்சகம் தெரிந்த ஓராண்டிற்குள் மனுச் செய்தல் வேண்டும். ஆயினும் நீதிமன்றப் படியேறிப் பெறும் நிவாரணத்தைக் காட்டிலும், நிச்சயதார்த்தத்திற்கு முன் ஒரு மணி நேரம் இருவரும் தனியே பேசுதல் எளிதன்றோ? வருவாய், கடன், ஊருக்கு மாதந்தோறும் அனுப்பும் தொகை, நீடித்த நோய் ஆகியவற்றை ஒளிக்கலாகாது. முன்பு ஒருவரை விரும்பியதுண்டா என்பதோ? பெயரும் ஊரும் கூற வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் நெஞ்சம் இன்னும் அங்கேயே இருக்குமாயின், அதை மறைத்துக் கழுத்தை நீட்டுவதும் தாலி கட்டுவதும் இருவருக்கும் இழைக்கும் தீங்கு.

இது நமக்குப் புதிய கவலையன்று. காதலில் பொய்யும் பிறழ்ச்சியும் தோன்றிய பின்னரே பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியம் கற்பியலில் கூறுகின்றது. இன்றோ சடங்குக்குள்ளேயே பொய் புகுந்துவிட்டது!

மணமான பின் வேறொரு மௌனம் தொடங்குகின்றது. ஒற்றை அறையில் திரைச்சீலைக்கு அப்பால் மாமியார் படுத்திருக்க, இளந்தம்பதிகள் என்ன பேச இயலும்? மெரின் டிரைவின் கடற்சுவரில் மாலையில் அமர்ந்திருக்கும் இணைகளில் கணவனும் மனைவியுமாக உள்ளோர் பலர். அவர்களைக் கண்டு நகைப்போர் அவர்களுடைய வீட்டின் அகலத்தை எண்ணிப் பார்ப்பாராக. உடலுறவு பற்றி மனைவி வாய் திறத்தல் நாணமின்மையாகாது. வலி உண்டெனில் சொல்ல வேண்டும். அதனை மருத்துவரிடமும் கூறலாம். விருப்பமில்லையெனின் அதையும் சொல்லலாம். கணவன் அதனை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. தாலி கட்டிய நாளில் பெற்ற இசைவு என்றென்றைக்கும் பெற்ற இசைவன்று.

எத்தனை குழந்தைகள், எப்பொழுது என்பதும் பல வீடுகளில் பேசப்படாமலே முடிவாகின்றது. முடிவின் சுமை பெண்ணின் மேல் விழுகின்றது. 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, 0.3 விழுக்காடே. இத்தனைக்கும் ஆணுக்குரிய அறுவைதான் சிறியது, ஆபத்தும் குறைந்தது. அதனால் ஆண்மை குன்றும் என்பது வீண் அச்சம். எங்கள் இரயில்வேயில் அதற்கெனச் சிறப்புத் தற்செயல் விடுப்பே உண்டு. விடுப்பு மனுக்கள் என் மேசைக்கு வந்தே மேலே செல்லும். எல்லாக் காரணங்களுக்கும் மனு வருகின்றது, இதற்கு மட்டும் வருவது அரிதினும் அரிது.