அக்ரூட்டா, அடுக்குப் பலகையா, பிளாஸ்டிக்கா?
துப்பாக்கிக் கட்டை நமக்குச் சொல்லும் பாடம்

2024ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வெளியானது. வழக்கம்போல், உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் நம் வணிகர்கள் பலர் அதை ஒப்படைத்து ரசீது பெற்று வந்தனர். ஜூன் மாதம் அதைத் திரும்ப வாங்கி வந்த நாமக்கல் வட்டார உறுப்பினர் ஒருவர், வீட்டில் துடைத்துப் பார்த்தபோது திடுக்கிட்டார். தகப்பனார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி. விசைக்குப் பின்னால், கை பிடிக்கும் கழுத்துப் பகுதியில், மயிரிழை போல ஒரு வெடிப்பு.

"ஆசாரியிடம் கொடுத்துப் பசை தடவி, செம்புக் கம்பி சுற்றிக்கொள்ளலாமா? இல்லை, வேறு கட்டை போடுவதா? போடுவதென்றால் எதைப் போடுவது?" என்று நம்மிடம் கேட்டார். சந்தை வசூலை எடுத்துக்கொண்டு இரவில் தோட்டத்து வீட்டுக்குத் திரும்புகிறவர் அவர். பாதுகாப்புக்கு வைத்திருக்கும் பொருளே ஆபத்தாகிவிடக் கூடாது அல்லவா? எனவே விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தும், படித்தும் தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் பயன்படும்படி இங்கே தருகிறோம். துப்பாக்கி இல்லாதவர்களும் படிக்கலாம். கடைசியில் அவரவர் கடைக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது.

கட்டையின் வேலை என்ன?

துப்பாக்கி என்றதும் நாம் குழலைத்தான் நினைக்கிறோம். ஆனால் வெடித்ததும் பின்னோக்கி வரும் உதையைத் தாங்கித் தோளுக்குக் கொடுப்பது கட்டைதான். அந்த உதை முழுவதும் மெலிந்த கழுத்துப் பகுதி வழியாகத்தான் போகிறது. அங்கே மரத்தின் இழை நேராக ஓடாமல் குறுக்கே வெட்டுப்பட்டிருந்தால், என்றைக்காவது ஒருநாள் அந்த இடத்தில்தான் பிளக்கும்.

மரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரத்தைக் குடித்தால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு, அகலவாக்கில் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு இறுகிக்கொள்வதும், பங்குனி வெயிலில் அதே கதவு தளர்ந்து இடைவெளி விடுவதும் இதனால்தான். இரும்பு அப்படிப் பருப்பதும் சுருங்குவதும் இல்லை. அசையாத இரும்பும் அசையும் மரமும் ஒன்றாக இறுக்கப்பட்டிருந்தால், விட்டுக்கொடுப்பது மரம்தான். சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரே ஆண்டுக்குள் கடும் வறட்சியும் மழை ஈரமும் மாறி மாறி வருகின்றன. மார்ச் முதல் ஜூன் வரை அறையில் சும்மா கிடந்த துப்பாக்கியில் வெடிப்பு கண்டதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

அக்ரூட் மரத்தின் பெருமை

நம் கடைகளில் அக்ரூட் பருப்பு விற்கிறோம். அந்தப் பருப்பைத் தரும் மரம்தான் உலகெங்கும் துப்பாக்கிக் கட்டைக்கு முதலிடம் பெற்றது. ஆங்கிலத்தில் வால்நட் என்பார்கள். நம் நாட்டில் காஷ்மீரத்து மரத்துக்குப் பேர் உண்டு. அதிகக் கனமில்லை, உளிக்கு இணங்கும், அதிர்ச்சி தாங்கும், நன்கு காய்ந்தால் எளிதில் கோணாது. அழகும் சேர்ந்துகொள்கிறது. நம் பக்கத்து மரங்களில் பூவரசையும் பழைய மர நூல்கள் இந்த வேலைக்கு உதவுவதாகக் குறிப்பிடுகின்றன.

ஆனால் அக்ரூட் எங்கும் எப்போதும் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பீச், பிர்ச் மரங்களைப் பயன்படுத்தியது. ஆஸ்திரேலியாவில் லித்கோ தொழிற்சாலை தன் நாட்டு மரங்களில் கட்டை செய்து, மென்மையான அந்த மரம் உதையில் நசுங்காதிருக்கச் செம்புத் தகடு பதித்தது. வங்காளத்தில் உள்ள இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை, .303 ரைபிளின் முன்கட்டை பிளக்காதிருக்கக் குறுக்கே ஒரு திருகாணி முடுக்கியது. "இச்சாப்பூர் திருகு" என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அந்த .303 ரைபிள் நம் நாட்டுக் காவலர் கைகளில் பல தலைமுறை உழைத்தது. உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020ஆம் ஆண்டுதான் அதற்கு விடை கொடுத்தது.

முதல் முடங்கக் கூடாது என்ற கணக்கு

இனி வருவது வியாபாரக் கணக்கு. கனமான மரக்கட்டை நிழலில் உள்ளீரம் வற்றிக் காய ஆண்டுக்கணக்கில் ஆகும். அத்தனை காலமும் போட்ட முதல் கிட்டங்கியில் தூங்கும். காய்ந்த பிறகு அறுத்தால் உள்ளே முடிச்சும் வெடிப்பும் தெரியும். ஒரு பகுதி கழிவாகப் போகும். சரக்கு தேங்கினால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1930களின் பிற்பகுதியில் ஜெர்மனி இதற்கு ஒரு வழி கண்டது. மரத்தை மெல்லிய தகடுகளாகச் சீவினால் விரைவில் காய்ந்துவிடும். பழுதுள்ள தகட்டைத் தள்ளிவிட்டு நல்லதை மட்டும் அடுக்கலாம். பசை தடவி, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒன்றாக்கினால் கட்டை தயார். விலை உயர்ந்த அக்ரூட்டுக்காகக் காத்திருக்காமல் பீச் மரமே போதும் என்றாயிற்று. ஜெர்மன் மவுசர் ரைபிள்கள் இலட்சக்கணக்கில் இப்படி அடுக்குமரக் கட்டையுடன் வெளிவந்தன. பிறகு சோவியத் ரஷ்யாவும் 1959இல் ஏற்றுக்கொண்ட ஏ.கே.எம். துப்பாக்கிக்கு பிர்ச் மரத்தின் அடுக்குக் கட்டையைப் பொருத்தியது.

அடுக்குமரம்: நிறையும் குறையும்

அடுக்குமரம் ஏன் கோணுவதில்லை? ஒவ்வொரு தகடும் தன் போக்கில் வளையப் பார்க்கிறது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகடு அதை இழுத்துப் பிடிக்கிறது. ஒரு தகட்டில் முடிச்சு இருந்தாலும் அடுத்த தகட்டுக்கு அது தொடர்வதில்லை. கூட்டுக் குடும்பம் போலத்தான்: ஒருவர் தடுமாறினால் நான்கு பேர் தாங்குகிறார்கள். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் ஊருக்கு இது பெரிய நன்மை.

குறைகளும் உண்டு. பசை சேர்வதால் அக்ரூட்டைவிடச் சில நூறு கிராம் கனம் கூடலாம். அந்தக் கனமே தோளில் படும் உதையைச் சற்றுக் குறைக்கும் என்றாலும், நாள் முழுதும் தூக்கி நடப்பவருக்குச் சுமைதான். எல்லாம் பசையின் தரத்தைப் பொறுத்தது. மட்டமான பசையானால் இரண்டு மழைக்காலத்தில் தகடு பிரியும். நல்ல பசையானாலும் வெட்டு முனைகளையும் திருகாணித் துளைகளையும் வார்னிஷ் பூசி அடைக்காவிட்டால் அங்கிருந்து ஈரம் ஏறும்.

பிளாஸ்டிக் வந்த கதை

1960களில் அமெரிக்க இராணுவம் எம்-16 ரைபிளில் மரத்தை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறியது. நம் நாட்டு இன்சாஸ் ரைபிளிலும் பாலிமர் கட்டை வந்தது. 1966இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இன்சாஸ் செய்திருக்கிறது. மழையில் நனைந்தாலும் பிளாஸ்டிக் பருக்காது, கறையான் தொடாது, அச்சில் வார்ப்பதால் ஒன்றுபோல் மற்றொன்று இருக்கும், மொத்தமாகச் செய்தால் விலையும் அடக்கம். ஆனால் உள்ளே கூடாக வார்த்த மலிவுச் சரக்கு கையில் நெளியும். கண்ணாடி இழை சேர்த்த உயர்ந்த வகை உறுதியானது, விலையும் அதற்கேற்ப உயரும். கட்டை இலேசானால் தோளுக்கு உதை கூடும். உடைந்தால் மரத்தைப் போல ஒட்டிச் செதுக்கிச் சரிசெய்வதும் கடினம்.

ஆகவே எது உயர்ந்தது என்று ஒரே சொல்லில் விடை இல்லை. வீட்டில் பத்திரமாக இருக்கும் பரம்பரைத் துப்பாக்கிக்கு, பழுதில்லாத அக்ரூட் கட்டை இருக்குமானால் அதை மாற்றத் தேவையில்லை. மழையில் நிற்கும் காவலாளியின் துப்பாக்கிக்கு உறுதியான பாலிமர் பொருந்தும். மரத்தின் பிடிமானமும் வேண்டும், பருவம் மாறினாலும் கோணக் கூடாது என்பவருக்கு அடுக்குமரம் ஏற்றது.

உறுப்பினருக்கு நாம் சொன்ன பதில்

வெடிப்புக் கண்ட கட்டையுடன் ஒரு தோட்டாவைக்கூட வெடிக்க வேண்டாம் என்று முதலில் சொன்னோம். கழுத்து முறிந்தால் முகத்துக்கும் கைக்கும் காயம் நிச்சயம். பசையும் கம்பியும் பார்வைக்கு ஒட்டவைக்கும், உதையைத் தாங்காது.

இரண்டாவது, ஊர் ஆசாரி எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் அவரிடம் கொடுக்கக் கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். உரிமம் உள்ள கடையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும், உரிமக் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்ந்ததையும் நினைவில் வையுங்கள். கொல்லிமலை, கல்வராயன் மலைப் பக்கம் வியாபாரத் தொடர்பு உள்ளவர்கள், உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை அடகாகவோ அன்பளிப்பாகவோ தொடவே வேண்டாம்.

மூன்றாவது, பராமரிப்பு. துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக் குழல் மேலாக நிறுத்தினால், எண்ணெய் மெல்ல இறங்கிக் கழுத்து மரத்தில் ஊறி அதை இளக்கிவிடும். நம் உறுப்பினரின் கட்டையில் வெடிப்பைச் சுற்றிக் கறுத்திருந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எண்ணெயை அளவாகப் போட்டுத் துடைத்து, குழல் கீழாக வையுங்கள். மரத்துக்கு வேண்டியது வேறு எண்ணெய்: காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், துணியில் தொட்டு மெல்லிய பூச்சாக. ஒப்படைக்கும் முன் கட்டையின் நிலையைப் பார்த்துக் குறித்துக்கொள்வதும் நல்லது.

நம் கடைக்கு வருவோம்

துப்பாக்கிக் கட்டைக்குச் சொன்னது கடை அலமாரிக்கும் பொருந்தும். நாம் வாங்கும் பிளைவுட்டும் தகடு ஒட்டிய மரம்தான். கட்டையில் பெரும்பாலும் இழைகள் ஒரே திசையில் ஓடும். பிளைவுட்டில் ஒன்று விட்டு ஒன்று குறுக்கே வரும். இங்கும் உயிர்நாடி பசையே. ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பலகைக்கான இந்தியத் தர எண். அதிலேயே சாதாரண ஈரம் தாங்கும் வகையும், கொதிநீர் தாங்கும் வகையும் தனித்தனியே உண்டு. ஐ.எஸ். 710 என்பது நீரில் நெடுங்காலம் நிற்கும் மரைன் பலகை. உப்பு மூட்டையும் வெல்லமும் அடுக்கும் ஈர மூலைக்கு முதல் வகையை வாங்கிப் போட்டுவிட்டு, ஒரே வருடத்தில் உப்பிவிட்டது என்று கடைக்காரரை நொந்துகொள்வதில் பயனில்லை. முத்திரையைப் படித்து வாங்குங்கள். அறுத்த முனைகளுக்கு வண்ணம் பூசுங்கள்.

நம் உறுப்பினர் இப்போது உரிமம் உள்ள கடை ஒன்றில் புதுக் கட்டைக்குச் சொல்லியிருக்கிறார். அடுக்குமரம் கிடைத்தால் அது, இல்லையேல் நன்கு காய்ந்த அக்ரூட் என்பது அவர் முடிவு. தகப்பனாரின் பழைய கட்டையை எறிய மனமில்லாமல் வீட்டில் வைத்திருக்கிறார். அது சரிதான். ஆனால் பாசத்துக்காக அதைத் திரும்பத் துப்பாக்கியில் பூட்டாமல் இருந்தாரே, அந்த விவேகத்தைப் பாராட்டுகிறோம்.