பேச்சு வராத குழந்தைக்கு டேப்லெட் கொடுக்கலாமா?

சிறப்புப் பள்ளிகளிலும், மாற்றுத்திறன் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் பொதுப் பள்ளிகளிலும் டேப்லெட் இன்று ஒரு கற்பித்தல் கருவியாகிவிட்டது. ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்ற காரணங்களால் பேச்சு வராத குழந்தைகளுக்கு, படத்தைத் தொட்டால் குரல் எழுப்பும் செயலிகளை ஆசிரியர்கள் பரிந்துரைக்கின்றனர். அதன்பின் எங்கள் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கின்றனர். “கருவியே பேசிவிட்டால், பிள்ளை பேச முயலாமலே இருந்துவிடாதா?” “செல்போன் கொடுக்க வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?” இரண்டுமே நியாயமான கேள்விகள். தெளிவான விடைகளும் உள்ளன.

செயலி எவ்வாறு உதவுகிறது?

திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கும். ‘வேண்டும்’, ‘தண்ணீர்’ ஆகிய இரண்டையும் குழந்தை தொட்டால், “தண்ணீர் வேண்டும்” என்ற பொருளைக் கருவி குரலாக வெளியிடும். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ இவ்வகையைச் சேர்ந்தது. வித்யாசாகர் அமைப்பின் சிறப்பு ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் இணைந்து வடிவமைக்கப்பட்ட அச்செயலியில் தமிழும் உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான ‘ஜெல்லோ’ கட்டணமின்றிக் கிடைக்கிறது. விலை உயர்ந்த செயலிதான் சிறந்தது என்பதில்லை. குழந்தையின் பார்வை, கை அசைவு, புரிதல் ஆகியவற்றுக்குப் பொருந்துவதே சிறந்தது.

பேச்சு தடைபடுமா?

தடைபடாது. இதுகுறித்து வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டனர். நம்பகமான சான்று கிடைத்த 27 பேரில் எவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குப் பேச்சு கூடியது; எஞ்சியோருக்கு மாற்றமில்லை. கூடிய அளவு பெரும்பாலும் சிறிதே என்பதையும் சொல்லியாக வேண்டும். செயலி பேச்சை வரவழைக்கும் மருந்தன்று. பேச்சு வரும் வரையிலும், வராமலே போனாலும், குழந்தை தன் மனத்தில் உள்ளதைச் சொல்ல உதவும் வழி. எனவே பேச்சுப் பயிற்சியை நிறுத்தாமல் இரண்டையும் சேர்த்தே தொடர வேண்டும்.

சொல்ல வழியில்லாத குழந்தை அழும், அடிக்கும், தன்னையே கடித்துக்கொள்ளும். ‘பிடிவாதம்’ என்று நாம் பெயரிடும் நடத்தைகளில் பல, கேட்கப்படாத வேண்டுகோள்களே.

கேளிக்கைத் திரையும் குரல் திரையும்

இரண்டு முதல் நான்கு வயது வரை, உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. குழந்தை அசையாமல் அமர்ந்து காணொளி பார்ப்பதைப் பற்றிய வரம்பு அது. செயலி மூலம் ஒருவரோடு உரையாடுவது அதில் சேராது.

ஆனால் ஒரே டேப்லெட்டில் காணொளியும் விளையாட்டும் இருந்தால், குழந்தைக்கு அது பொம்மையாகவே தோன்றும். இயன்றவரை பேசுவதற்கென்று ஒரு கருவியைத் தனியாக ஒதுக்குங்கள். இயலாவிட்டால், அந்தச் செயலியை விட்டு வெளியேற முடியாதபடி பூட்டும் வசதி கருவியின் அமைப்புகளில் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: தண்டனையாக அக்கருவியைப் பறிக்காதீர்கள். குறும்பு செய்த பிள்ளையின் வாயை நாம் கட்டுவதில்லை அல்லவா?

தொடங்கும் முன்

செவித்திறன் பரிசோதனையும் கண் பரிசோதனையும் கட்டாயம் தேவை. காது கேளாமையே பேச்சின்மைக்குக் காரணமாக இருந்தால், அதற்கான சிகிச்சை காலந்தாழ்த்தாமல் தொடங்கப்பட வேண்டும். கை நடுங்கும் குழந்தைக்குப் பெரிய கட்டங்களோ, திரையின்மேல் பொருத்தும் துளையிட்ட தகடோ உதவும். வலிப்பு நோய் உள்ள குழந்தையாயின், பளிச்சிட்டு மின்னும் காட்சிகள் கொண்ட கற்றல் செயலிகளைத் தவிர்த்து, மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• முதலில் நீங்கள் பேசிக் காட்டுங்கள். “சாப்பிடலாம் வா” என்று சொல்லும்போதே ‘சாப்பிடு’ படத்தைத் தொடுங்கள். பல மாதம் நம் பேச்சைக் கேட்ட பின்னரே குழந்தை பேசுகிறது; இதற்கும் அத்தகைய பொறுமை வேண்டும்.

• கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனத்திற்குள் பத்து வரை எண்ணுங்கள். அவசரப்பட்டுக் குழந்தையின் கையைப் பிடித்துத் தொட வைத்தால், அது உங்கள் பேச்சாகிவிடும்.

• உணவு, பொம்மைப் பெயர்கள் மட்டும் போதா. ‘வேண்டாம்’, ‘போதும்’, ‘இன்னும்’, ‘உதவி’, ‘வலிக்கிறது’ ஆகியவை முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

• படங்களின் இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள். விரல் பழகிய இடத்தையே குழந்தை தேடும்.

• பள்ளியில் கற்ற சொற்களை ஆசிரியரிடம் கேட்டு வீட்டிலும் பயன்படுத்துங்கள். பள்ளி அலமாரியில் மாலையில் பூட்டி வைக்கப்படும் கருவி, குழந்தைக்கு அரைநாள் குரல் மட்டுமே. வீட்டுக்கு எடுத்துச்செல்ல இயலுமா என்று கேளுங்கள். இயலாதெனில் அதே படங்களை வீட்டிலும் வைத்திருங்கள்.

• மின்சாரம் இல்லாத வேளைக்காக, முக்கியமான படங்களை அட்டையில் அச்சிட்டு உறையிட்டுக் கொள்ளுங்கள். டேப்லெட் வாங்க இயலாத குடும்பங்கள் இந்த அட்டையைக் கொண்டே தொடங்கலாம்.

மருத்துவமனைக்கு வரும்போது

மாத்திரைச் சீட்டோடு டேப்லெட்டையோ அட்டையையோ மறவாமல் எடுத்து வாருங்கள். வயிற்று வலியா, காது வலியா, பல் வலியா என்று சொல்லத் தெரியாத குழந்தையின் நோயைக் கண்டறிவது எங்களுக்கும் கடினம். உடல் உறுப்புகளின் படங்களை முன்பே வீட்டில் பழக்கியிருந்தால், ஒரு விரல் தொடுதல் தேவையற்ற பரிசோதனைகள் சிலவற்றைத் தவிர்க்கக்கூடும். உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தால், கருவியைக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கும்படி செவிலியரிடம் சொல்லுங்கள். ஊசி போடும் முன் குழந்தை ‘வேண்டாம்’ என்று தொட்டால், ஊசியைத் தவிர்க்க இயலாமற்போகலாம். எனினும் “பயமாக இருக்கிறதா? சொன்னது கேட்டது” என்று மறுமொழி கூறுங்கள். தன் சொல்லுக்குச் செவிசாய்ப்பவர் உண்டு என்று தெரிந்தால்தான், குழந்தை அடுத்த சொல்லைத் தேடித் தொடும்.